பதினான்காவது டம்ளர்

நேற்று மூன்று மணிக் கஞ்சிக்கு டம்ளர்களை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தபோது, என் கை தானாகத் தகரப் பெட்டிக்குள் போய் அந்தப் பழைய டம்ளரை எடுத்துவிட்டது. அலுமினிய டம்ளர். விளிம்பில் ஒரு இடம் நெளிந்திருக்கிறது. அந்த நெளிசல் நான் செய்தது, பிறகு சொல்கிறேன். மற்ற டம்ளர்களைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் ஆணியால் குத்திய குறி இருக்கும். ஒரு புள்ளி, மூன்று புள்ளி, பிறை, மீன், பெருக்கல் கோடு என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு குறி. இதன் அடியில் ஒன்றுமில்லை. வழுவழுவென்று இருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். வெளியே பனி இறங்கி வேலிவரைக்கும் வந்திருந்தது.

தேவாலாவுக்கு மேலே இருக்கும் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிள்ளை பார்க்கிற வேலை எனக்கு. தாய்மார்கள் காலையில் கொழுந்து எடுக்கப் போகும்போது பிள்ளைகளை எங்களிடம் விட்டுப் போவார்கள். ஆபீஸ் காகிதத்தில் அதற்கு வேறு பெயர். தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்தில் எல்லோரும் பிள்ளைக்காம்பரா என்பார்கள். அறையைக் காம்பரா என்கிற அந்தச் சொல்லைக் கொண்டுவந்தவர்கள் இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்தவர்கள். அங்கே எனக்கு மேலே இருந்த பெரிய ஆயாவும் அப்படி வந்தவர்தான். நான் சேர்ந்தபோது அவருக்கு அறுபது நெருங்கியிருக்கும். ஒல்லியான உடம்பு. யாரையும் முகத்தைப் பார்த்துப் பேசமாட்டார். நடந்து வருவதைப் பார்ப்பார், இடுப்பைப் பார்ப்பார், பிறகுதான் பேசுவார். அவர் வாசலில் உட்கார்ந்திருந்தால் சில பெண்கள் சுற்றிக்கொண்டு பின்பக்கமாக வருவார்கள். ஏன் என்று எனக்கு அப்போது தெரியாது. நான் சமவெளிக்காரி. கல்யாணமானதிலிருந்து திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தேன். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு வீட்டுக்காரர் அங்கேயே தங்கிக்கொண்டு, என்னையும் நாலு வயது மகனையும் கைக்குழந்தையையும் அவருடைய அம்மா இருந்த லயத்துக்கு அனுப்பிவிட்டார். வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அந்த இடத்தின் வழக்கம் ஒன்றும் எனக்குப் பிடிபடவில்லை.

ஒரு வழக்கத்தை மட்டும் முதல் நாளே சொல்லித் தந்திருந்தார்கள். அந்தப் பக்கம் பனி வந்தால் பத்தடி தள்ளி நிற்கிற பிள்ளை தெரியாது. நான் சேர்வதற்குக் கொஞ்சம் முன்னால்தான் பட்டப்பகலில் சிறுத்தை ஒன்று வாசலில் படுத்திருந்த நாயைத் தூக்கிப் போயிருந்தது. அதனால் மணிக்கொரு தரம் தலை எண்ண வேண்டும். பெரிய ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவருடைய ரெஜிஸ்டர் டம்ளர்தான். காலையில் பிள்ளை வந்ததும் அதன் டம்ளர் பலகைக்கு வரும். சாயங்காலம் தாய் வந்து தூக்கிப் போனதும் டம்ளர் பெட்டிக்குப் போகும். "டம்ளரு மிஞ்சினா பிள்ளை கொறையுதுன்னு அர்த்தம். யோசிச்சிக்கிட்டு நிக்காத. ஓடிப்போய் தண்டவாளத்த அடி. விளங்குதா?" என்று சொல்லியிருந்தார். வாசல் மரத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கியது.

நான் சேர்ந்து மூன்று வாரம் ஆன ஒரு நாள் அவர் பால் பவுடர் வாங்க ஆபீசுக்குப் போயிருந்தார். போகும்முன் டம்ளர்களைப் பலகையில் வைத்துவிட்டுத்தான் போனார். மதியம் தாண்டியதும் பனி ஏறியது. சன்னல் வழியாக உள்ளே வந்து, புடவைத் தொட்டில்களுக்கு நடுவில் தரையோடு நகர்ந்தது. தூங்கிய பிள்ளைகளை எழுப்பி உட்கார வைத்துக் கஞ்சி ஊற்றினேன். ஊற்றி முடித்தபோது ஒரு டம்ளர் மிஞ்சியது. பிள்ளைகளை எண்ணினேன், பதின்மூன்று. டம்ளரை எண்ணினேன், பதினான்கு. தொட்டில்களை ஒவ்வொன்றாகக் கையால் அழுத்திப் பார்த்தேன். கதவுக்குப் பின்னால் பார்த்தேன். மறுபடி எண்ணினேன். அந்த டம்ளரிலிருந்து ஆவி வந்துகொண்டே இருந்தது. எடுத்துக் குடிக்க ஆள் இல்லை. வெளியே ஓடித் தண்டவாளத்தை அடித்தேன்.

தண்டவாளச் சத்தம் கேட்டு ஃபேக்டரியில் சங்கு ஊதினார்கள். மலைமேல் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் பையை அங்கேயே போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். ஆட்கள் தெரியவில்லை. பனிக்குள்ளிருந்து பெயர்கள் மட்டும்தான் முதலில் வந்தன. ஒவ்வொருத்தியும் தன் பிள்ளையின் பெயரைக் கத்திக்கொண்டு இறங்கினாள். உள்ளே வந்து தன்னுடையதைக் கண்டதும் அள்ளிக்கொண்டு சுவரோரம் சரிந்து உட்கார்ந்தாள். கடைசித் தாயும் வந்து கடைசிப் பிள்ளையையும் தூக்கிக்கொண்டாள். என்னுடைய இரண்டும் என்னிடம் இருந்தன. எல்லாப் பிள்ளையும் யாரோ ஒருத்தியின் கையில். நான் மட்டும் "இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணு" என்று அலறிக்கொண்டிருந்தேன்.

யாரும் என்னைத் தடுத்துக் கேட்கவில்லை. பயம் அப்படித்தான். ஃபேக்டரி ஆட்கள் கம்பும் டார்ச்சுமாகத் தேயிலைக்குள் இறங்கிவிட்டார்கள். தேடுகிறவன் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் அல்லவா? கூப்பிடப் பெயர் இல்லை. "ஏ கண்ணு! ஏ பாப்பா! எங்கிருக்கற?" என்று கத்தினார்கள். மழை பிடித்தது. அரை மணி நேரம் அந்தக் குரல்கள் மேலேயும் கீழேயும் போய்வந்தன. எதிர்ச் சரிவில் பட்டு அதே குரல் கொஞ்சம் மெலிந்து, குழந்தைக் குரல் மாதிரித் திரும்பி வந்தது. அது திரும்பி வரும்போதெல்லாம் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தார்கள்.

பெரிய ஆயா குடையோடு வந்தார். நேராகப் பலகைக்குப் போய் அந்த டம்ளரிலிருந்த கஞ்சியை வேறொன்றில் ஊற்றி, கவிழ்த்து அடியைப் பார்த்தார். சூப்பர்வைசர் சேற்றுக் காலோடு உள்ளே வந்து, "ஏனுங்க ஆயா, யாரு பிள்ளைங்க காணோம்?" என்றார். "யாரு பிள்ளையும் காணாமப் போகல. நான் ஒரு டம்ளரு கூட வெச்சிட்டேன். என் பிசகு" என்றார் ஆயா. சூப்பர்வைசர் தலையில் அடித்துக்கொண்டு கத்தினார். ஆனால் பெண்கள் கத்தவில்லை. ஒருத்தி வயிற்றை ஒருத்தி பார்த்தார்கள். பிறகு ஒரு கிழவி சிரித்தாள். "அடியே, யாருடி அது? ஒளிச்சு வெச்சிருக்கறவ கையத் தூக்குங்கடி!"

அந்தப் பெண்கள் சொல்லித்தான் எனக்கு அந்த வழக்கம் புரிந்தது. ஒருத்தி உண்டாகியிருக்கிறாள் என்று பெரிய ஆயாவுக்கு, பல தடவை அவளுக்கே தெரிவதற்கு முன்னால், தெரிந்துவிடும். அன்றிலிருந்து குறி போடாத டம்ளர் ஒன்றைப் பலகையில் வைப்பார். பிள்ளைகளுக்கு ஊற்றுவது போல அதிலும் ஊற்றி, பிள்ளையைப் பார்க்க அவள் வரும்போது நீட்டுவார். அவள் வெட்கப்பட்டு வாங்கிக் குடிப்பாள். மற்றவர்கள் கேலி செய்வார்கள். லயம் முழுக்கத் தெரிந்துவிடும். பிள்ளை பிறந்து பிள்ளைக்காம்பராவுக்கு வரும் நாளில் ஆணியை எடுத்து அதன் அடியில் குறி குத்துவார். நல்ல வழக்கம்தான், பெற்றுக்கொள்ள நினைப்பவளுக்கு. ஆனால் இந்தத் தடவை அவர் டம்ளரை வைத்தாரே தவிர யாருக்கும் நீட்டவில்லை.

எல்லோரும் போன பிறகு நான் மூலையில் உட்கார்ந்து சின்னவளுக்குப் பால் கொடுத்தேன். அவள் வாய் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பெரிய ஆயா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். "ரெண்டு கெழமையா இப்பிடித்தான் திருப்புது. பால் மாறிப்போச்சு புள்ள" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "நீ தேடினது எங்கயும் போகல. ஒங்கிட்டத்தான் இருக்கு."

பால் கொடுத்துக்கொண்டிருந்ததால் எனக்கு மாதவிலக்கு இன்னும் திரும்பவில்லை. அதனால் சந்தேகமே வரவில்லை. தண்டவாளத்தை அடித்து, சங்கு ஊத வைத்து, ஊரையே மழையில் இறக்கி நான் தேடியது என் வயிற்றில் இருந்ததைத்தான். அந்த நிமிஷம் எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. எல்லோருக்கும் முன்னால் என்னை அவிழ்த்துவிட்ட மாதிரி இருந்தது.

எனக்கு அது வேண்டாம். இதைப் படித்து முகம் சுளிக்கிறவர்கள் சுளிக்கட்டும். கேட்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் காரணங்கள் இருந்தன. கைக்குழந்தைக்குப் பத்து மாதம், இரண்டும் வயிற்றைக் கிழித்து எடுத்தவை, வீட்டுக்காரர் மாதம் ஒரு நாள் வந்து போகிறவர். எல்லாம் உண்மை. ஆனால் இவை ஒன்றும் இல்லாமல் இருந்தாலும் எனக்கு வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். அது போதாதா? ஒரு பெண் வேண்டாம் என்று சொன்னால் அதற்குக் கீழே நாலு காரணம் முட்டுக் கொடுத்தால்தான் நிற்குமா?

மறுநாளே மாமியார் கண்டுபிடித்துவிட்டார். முப்பது வருஷம் அந்தத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். டம்ளர் கணக்கும் பிள்ளை பாலைத் திருப்புவதன் அர்த்தமும் அவருக்குத் தெரியும். நான் வேண்டாம் என்றதும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "ஊரே மழையில நனஞ்சு தேடுன கொழந்த புள்ள அது. என்ற மவன் கொழந்த. அதப் போயி வேண்டாங்கற?" அந்தச் சொல் லயம் முழுக்கப் பரவியது. தண்ணீர்க் குழாயடியில், கடையில், வேலைக்குப் போகும் வழியில் எல்லோரும் அதையே சொன்னார்கள். நாங்க தேடுன பிள்ளை. கால் முழுக்க அட்டை கடிச்சு தேடுன பிள்ளை. தேடியதால் அவர்களுக்கெல்லாம் அதில் பங்கு வந்துவிட்டது. அவர்களுடைய பயம் நிஜம், கத்திய கத்தல் நிஜம், ஆகவே பிள்ளையும் நிஜமாகிவிட்டது. நான் ஒருத்திதான் நிஜமில்லாதவள். என்னை யாரும் தேடவில்லை. வீட்டுக்காரர் போனில், "பெத்துக்க, பாத்துக்கலாம்" என்றார். யார் பார்ப்பது என்று கேட்டேன். அந்தப் பக்கம் மிஷின் ஓடும் சத்தம்தான் கேட்டது.

பிள்ளைகள் வேறு ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்திருந்தன. பனி வந்தால் வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நிற்கும். "ஏ கண்ணு! எங்கிருக்கற?" என்று வெளியே கத்தும். எதிர்ச் சரிவிலிருந்து குரல் திரும்பி வரும். "இருக்குது! இருக்குது!" என்று கை தட்டும். ஒரு நாள் என் மகன் ஓடி வந்து முந்தானையைப் பிடித்து இழுத்தான். "அம்மா, அந்தப் பாப்பா கெடைச்சிருச்சா?" நான் அவன் முதுகில் ஒன்று வைத்தேன். அவன் என்ன தப்பு செய்தான்? இன்றைக்கும் அந்த அடி என் கையில் இருக்கிறது.

அன்று சாயங்காலம் பெரிய ஆயாவிடம் சண்டைக்குப் போனேன். "உங்க டம்ளர் இல்லாட்டி இது யாருக்கும் தெரிஞ்சிருக்காது. எனக்குள்ள நானே முடிச்சிருப்பேன். நீங்க யாருங்க என் வயித்த எண்ணறதுக்கு?" என்றேன். அவர் அடுப்பிலிருந்த பாலை இறக்கிவைத்தார். பிறகு, "எந்த ஆஸ்பத்திரி?" என்று மட்டும் கேட்டார்.

இரண்டு பஸ் மாறிப் போனோம். ஊர் பெயர் வேண்டாம். கூடலூர் பஸ்சில் சன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, வெளியே பார்த்தபடியே சொன்னார். "எனக்கு மனசு ஒப்பல. நான் டம்ளரு வெச்சா அது பிள்ளைதான், எனக்கு. அத மாத்திச் சொல்ல என்னால ஏலாது. ஆனா ஒன்னத் தனியா அனுப்பவும் ஏலாது." அதற்கு மேல் உபதேசம் எதுவும் செய்யவில்லை. பாதி வழியில் எனக்கு வாந்தி வந்தபோது தன் முந்தானையை நீட்டினார்.

ஆஸ்பத்திரி மேஜையில் இருந்த பெண் என் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டு, "ஊட்டுக்காரரு வரலீங்களா? அவரு கையெழுத்துப் போடோணுமுங்க" என்றாள். "எதுக்கு?" என்றார் ஆயா. "ரூல்ஸுங்க." ஆயா மேஜையில் இரண்டு கையையும் ஊன்றினார். "அந்தாளு வயித்துல இருந்தா எடுக்கப் போறீங்க?" பெஞ்சில் இருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சத்தம் கேட்டு வெளியே வந்த டாக்டரம்மா என் வயதைக் கேட்டார். இருபத்தைந்து என்றேன். "அப்புறம் என்ன, அவங்க கையெழுத்து போதும்" என்று அந்தப் பெண்ணிடம் எரிந்து விழுந்தார். சட்டம் அதுதான் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். என் வயிற்றைக் கிழித்த இரண்டு தடவையும் வீட்டுக்காரர்தான் கையெழுத்துப் போட்டிருந்தார். மூன்றாவது காகிதத்தில் நான் போட்டேன். என் பெயரை எழுதப் பேனா சரியாக ஓடவில்லை. இரண்டு தடவை எழுதினேன்.

அன்று ஒரு மாத்திரை, இரண்டு நாள் கழித்து மறுபடி மாத்திரை. ஒரு பகல் முழுக்கப் பெரிய ஆயாவின் காம்பராவில் படுத்திருந்தேன். வெந்நீர் வைத்துத் தந்தார், துணி அலசினார். செய்தது தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. அன்றும் இல்லை, இன்றும் இல்லை. நெஞ்சு உடைந்தது என்று சொன்னால்தான் கேட்பவர்களுக்குத் திருப்தி. உடையவில்லை. வலித்தது, பிறகு நின்றது, பிறகு பசித்தது. வீட்டுக்காரர் ஒரு மாதம் போன் எடுக்கவில்லை, பிறகு எடுத்தார். மாமியாரிடம் எத்தனை பேரப்பிள்ளைகள் என்று யாராவது கேட்டால், என்னைப் பார்த்துக் கொஞ்சம் நிறுத்திவிட்டு, "ரெண்டு" என்பார். சாகும்வரை அந்த நிறுத்தம் போகவில்லை.

ஆனால் வேலைக்குத் திரும்பிய முதல் நாள் பலகையைப் பார்த்தேன். பதின்மூன்று டம்ளர்கள் நிமிர்ந்திருந்தன. கடைசியில் ஒன்று கவிழ்ந்திருந்தது. மறுநாளும் இருந்தது. ஒரு வாரம் பார்த்தேன். தினமும் அதைக் கழுவி, துடைத்து, கடைசியில் கவிழ்த்து வைத்தார். பலகை ஆடும்போது அது மட்டும் தனியாக ஒரு சத்தம் போட்டது. பொறுக்க முடியாமல் ஒரு நாள் மதியம் அதை எடுத்து, வேலியைத் தாண்டித் தேயிலைச் சரிவில் வீசிவிட்டேன். கல்லில் பட்ட சத்தம் கேட்டது. பனிக்குள் எங்கே உருண்டதோ தெரியவில்லை. மறுநாள் காலையில் வந்தால், பலகையின் கடைசியில், விளிம்பு நெளிந்து, கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்திருந்தது. பெரிய ஆயாவின் கணுக்காலில் நாலைந்து இடத்தில் அட்டை கடித்த ரத்தம் காய்ந்திருந்தது.

"எதுக்கு இத வெச்சு என்னக் கொல்றீங்க?" என்று கத்தினேன். பிள்ளைகள் பயந்து திரும்பின.

அவர் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார். "ஒன்னக் குத்தஞ் சொல்ல வெக்கல புள்ள. ஒன் வயிறு, நீ முடிவெடுத்த, அது சரி. நான் ஒரு தரம் எண்ணிட்டேன். எண்ணினத எண்ணாதமாதிரி இருக்க என்னால ஏலாது. அது என் பாடு, ஒன் பாடில்ல." டம்ளரைத் தூக்கி நெளிசலை விரலால் தடவினார். "ஒன்னக் கேக்காமப் பலகையில வெச்சேன் பாரு, அது பிசகு. அதுக்குத்தான் ஒங்கூட வந்தேன்."

அன்று அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. இன்றும் முழுக்கப் போதவில்லை. மனதுக்குள் எண்ணிக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. மறுநாளிலிருந்து அவரே டம்ளரைப் பலகையிலிருந்து எடுத்துத் தகரப் பெட்டிக்குள் வைத்தார். அங்கேயும் தினமும் கழுவித்தான் வைத்தார் என்று எனக்குத் தெரியும், காலையில் அது மட்டும் ஈரமாக இருக்கும். வேலையை விட்டுப் போகும்போது பெட்டிச் சாவியை என் கையில் கொடுத்தார். இரண்டு வருஷத்தில் இறந்துபோனார். பெட்டியைத் திறக்கும்போது சில நாள் இன்னும் அந்த டம்ளர் ஈரமாகத்தான் இருக்கிறது. கூரை ஒழுகுகிறது என்று நினைத்துக்கொள்கிறேன். மற்ற டம்ளர்களில் ஈரம் இருப்பதில்லை.

அதெல்லாம் நடந்து பதினாறு வருஷம் ஆகிறது. சின்னவள் ப்ளஸ் ஒன் படிக்கிறாள். எங்கள் ஆட்களின் பிள்ளைகள் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் போய்விட்டார்கள். இப்போது கொழுந்து எடுக்க வடக்கேயிருந்து வந்திருக்கிறார்கள். பிள்ளைக்காம்பராவில் ஐந்து பிள்ளைகள்தான். அதில் ஒன்றின் தாய் இருபது வயதுகூட ஆகாத மாதிரி இருப்பாள். தமிழில் பத்துச் சொல் தெரியும். நேற்று அவள் பிள்ளைக்குப் பால் கொடுக்க வந்தாள். படியேறி வரும்போதே அவள் நடையைப் பார்த்துவிட்டேன். பிள்ளை வாய் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பியது. எனக்கு யாரும் இதைக் கற்றுத்தரவில்லை. ஆனால் என் கை பெட்டிக்குள் போய் அந்த டம்ளரை எடுத்திருந்தது.

அவள் என்னைப் பார்த்தாள். டம்ளரைப் பார்த்தாள். அவளுக்கு இந்த வழக்கம் தெரியாது. ஆனாலும் அவள் கை மெதுவாக வயிற்றுக்குப் போனது. முகத்தில் சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை. என்ன செய்யப் போகிறாளோ, அது அவளுடையது. அவள் பெற்றுக்கொண்டால் இந்தப் பிள்ளைக்கும் நான்தான் கஞ்சி ஊற்றுவேன். வேண்டாம் என்றால் பஸ்சில் பக்கத்தில் உட்காருவேன். இரண்டில் எதுவானாலும் அவள் வாயால் வர வேண்டும். நான் டம்ளரைக் கவிழ்த்துப் பெட்டிக்குள் வைத்து மூடினேன். "என்னா ஆயா?" என்றாள். "ஒண்ணுமில்ல கண்ணு, அது ஓட்ட டம்ளரு" என்றேன்.

சாயங்காலம் தலை எண்ணினேன். ஐந்து பிள்ளைகள், ஐந்து டம்ளர்கள். சரியாக இருந்தது. மறுபடி எண்ணினேன், சரியாகத்தான் இருந்தது. கடைசித் தாயும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போன பிறகு வாசலுக்கு வந்தேன். எதிர்ச் சரிவு முழுக்கப் பனி மூடியிருந்தது. கதவைச் சாத்துவதற்கு முன்னால், தினமும் செய்வது போல, நின்று கொஞ்ச நேரம் காது கொடுத்தேன்.